பாதாளக் கரண்டி

மாடி போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற வீட்டில் ஒரு பையன், ஐந்தாம் வகுப்பு. போன வாரம் எங்கள் கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் இரும்புச் சாமானைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது கப்பல் நங்கூரமா?" என்று கேட்டான்.

"இல்லடா, பாதாளக் கரண்டி."

"கரண்டியா? இதுல என்ன கிண்டுவீங்க?"

முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு இரும்பு வளையம், அதிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொக்கிகள். அவ்வளவுதான் பாதாளக் கரண்டி. கிணற்றில் கயிறு அறுந்து வாளியோ குடமோ விழுந்துவிட்டால் இதைத் தாம்புக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவ வேண்டும். கொக்கியில் காது மாட்டினால் அதிர்ஷ்டம். தெருவுக்கே ஒரு வீட்டில்தான் இது இருக்கும். எங்கள் தெருவில் அது எங்கள் வீடு. இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒரு செம்பையாவது டம்ளரையாவது ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். இல்லாவிட்டால் கரண்டி திரும்பாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடத்தில் ஊர்ப் பாத்திரங்கள் வரிசையாக அடகு இருக்கும்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் கேட்டான்: "இப்ப எதுக்கு வச்சிருக்கீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எங்கள் வீடு சென்னை நங்கநல்லூரில். அப்பா எழுபதுகளில் இந்த மனையை வாங்கியபோது முதலில் வெட்டியது கிணறுதான். வீடு கட்டவே அந்தத் தண்ணீர்தான் என்பதால் அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இருபத்தெட்டு உறை இறக்கிய உறைக்கிணறு. ஐப்பசி, கார்த்திகையில் மேலே ஐந்தாறு உறைதான் காலியாகத் தெரியும். சித்திரையில் வாளி அடியைத் தட்டும் சத்தம் கேட்கும். "ரெண்டு உறைதான் இருக்கு, துணியை நாளைக்குத் துவைச்சுக்கலாம்" என்று அம்மா சொன்னால் அதற்கு மேல் முறையீடு கிடையாது. அரிசி கழுவின தண்ணீர் வாழைக்கும், துணி அலசின தண்ணீர் வாசல் தெளிக்கவும் போகும். சுற்றுச்சூழல் என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், அதற்குத் தக்கபடி செலவழித்தார்கள்.

பிறகு தொண்ணூறுகளில் போர் போட்டோம். நூற்றிருபது அடி. அது இறங்கியதும் இன்னொன்று, இருநூற்றெண்பது அடி. கிணற்றுக்கு மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடி, அதன்மேல் வாஷிங் மெஷினை வைத்தோம். கிணற்றை ஒரேயடியாக அடைத்துக் கார் நிறுத்த இடம் பண்ணிவிடலாம் என்று கட்டட மேஸ்திரி சொன்னபோது அம்மா மட்டும் "நான் இருக்கிறவரைக்கும் அதைத் தூர்க்கக் கூடாது" என்றாள். அம்மா சொன்னதற்குக் காரணம் ஒன்றுமில்லை, சாஸ்திரம்தான். ஆனால் இன்றைக்குவரை நான் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் சாஸ்திரம் அது.

போர் வந்ததும் என்ன போயிற்று என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கீழே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கண் போயிற்று. ஆறங்குலக் குழாய்க்குள் யார் எட்டிப் பார்ப்பது? சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வந்தது. வந்தவரை இருக்கிறது என்று அர்த்தம், வராத அன்று இல்லை என்று அர்த்தம். நடுவில் இரண்டு உறை, மூன்று உறை என்ற பேச்சே இல்லை. பேங்க் பாஸ்புக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, காசோலை திரும்பி வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கிற மாதிரி.

2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது ஞாபகமிருக்கிறதா? ஜெயலலிதா முதல்வராக இருந்த நேரம். ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள், சினிமாத் தியேட்டரில் ஸ்லைடு போட்டார்கள், கெடு வைத்தார்கள். தெருவெல்லாம் பிளம்பர்கள். அதற்கடுத்த சில ஆண்டுகளில் நகரத்தில் பல இடங்களில் கிணறுகள் ஊறின. அந்தச் சட்டத்தைப் பற்றி யார் என்ன அரசியல் பேசினாலும், இந்த ஊருக்கு அது செய்த நன்மை பெரிது என்பதே என் கட்சி.

எங்கள் வீட்டிலும் செய்தோம். எப்படிச் செய்தோம் என்பதுதான் வெட்கக்கேடு. மாடிக் குழாயை மதில் ஓரமாக இறக்கி, ஒன்றரை அடிக் குழி தோண்டி, அதில் ஒரு கூடை ஜல்லியைக் கொட்டி, மேலே ஓட்டை போட்ட சிமென்ட் மூடி. ஒருவர் வந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். இரண்டே மழையில் குழி சேறடைத்துக்கொண்டது. மூன்றாவது மழையில் தண்ணீர் வாசலில் நின்றதால் நானே குழாயை அறுத்துத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பி விட்டேன். ஆம், நானேதான். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு எங்கள் மாடியில் விழுந்த மழையெல்லாம் சாக்கடை வழியாகப் போயிற்று. கேட்டால் "எங்க வீட்ல மழைநீர் சேகரிப்பு இருக்கு" என்று சொல்வேன். குழாய் இருந்ததே.

எங்கள் பக்கத்து மண்ணுக்கு அந்தக் குழியே தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடற்கரையை ஒட்டி மணற்பாங்கு. அங்கே சின்னக் குழி தோண்டினாலும் மழை விழ விழ உறிஞ்சிவிடும். உள்ளே வர வர மேலே களிமண். பரங்கிமலையைச் சுற்றியுள்ள எங்கள் ஏரியாவில் கீழே பாறை வேறு. களியின்மேல் குழி தோண்டுவது அண்டாவில் தண்ணீர் பிடிப்பது போலத்தான், அது எங்கும் போகாது. களியைத் தாண்டி இறங்குகிற ஆழத்துக்குக் கிணறு மாதிரி உறை இறக்க வேண்டும். ஏற்கெனவே கிணறு இருந்தால் அதுவே போதும். இருபத்தெட்டு உறைக் கிணற்றை வாஷிங் மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை அடிக் குழி தோண்டிய மேதாவி நான்.

இந்தக் கதையின் நடுவே 2015. டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரியை இந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், அடையாறு பொங்கியது, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குச் சரியாக மூன்றரை வருடம் கழித்து, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியிலும் சேர்த்து ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்துவிட்டது. ஏறக்குறைய இருநூறு நாள் ஊரில் சொட்டு மழை இல்லை. ஒரே ஊர், ஒரே மக்கள். முதலில் படகு தேடினார்கள், பிறகு லாரி தேடினார்கள்.

எங்கள் போர் ஏப்ரலிலேயே காற்றை ஊதத் தொடங்கிவிட்டது. மோட்டார் ஓடும், குழாய் இருமும், கலங்கலாக ஒரு குவளை வரும். லாரித் தண்ணீர் பன்னிரண்டாயிரம் லிட்டர் சொல்லி, நாலு நாள் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு வரும். ஒருநாள் டிரைவரிடம், "எங்கேருந்துங்க எடுக்கிறீங்க?" என்று கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தைச் சொன்னார். "விவசாயக் கிணறு சார். அவர் இந்தப் போகம் நெல்லு வைக்கல. நமக்கு வித்துட்டாரு." எங்கள் சம்ப்பில் இறங்கிக்கொண்டிருந்தது அந்த ஆளின் ஒரு போகம். அன்றைக்குக் குளிக்கும்போது இரண்டாவது வாளி எடுக்கக் கை வரவில்லை. மறுநாள் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 12-ம் தேதி தண்ணீர் ரயில் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு, இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஐம்பது வேகன், இருபத்தைந்து லட்சம் லிட்டர். மாலை போட்டு, வாழைமரம் கட்டாத குறையாக டிவியில் காட்டினார்கள். ஆறு மாதத்துக்கு இப்படிக் கொண்டுவர 65 கோடி ஒதுக்கியிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என்னவோ தோன்றி, மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.

எங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி மழை 140 சென்டிமீட்டர் சுமார். பெருக்கினால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர். ஆவியாவது, தெறிப்பது, முதல் மழையில் வீணாவது எல்லாம் போகக் கால்வாசியைக் கழித்தாலும் ஒரு லட்சம் மிஞ்சும். எட்டு லாரி. என் தலைக்கு மேலே எட்டு லாரித் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது, நான் அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு ராத்திரி இரண்டு மணிக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. வீட்டுக்கு ஒரு லட்சம் என்றால் இருபத்தாறு லட்சம். டிவியில் மாலை போட்டுக்கொண்டு நின்றதே, அந்த ரயில்! அது எங்கள் தெருவின் மாடிகளில் வருஷத்துக்கு ஒருமுறை வந்து நின்றுவிட்டுப் போகிறது, ஒரு வாழைப்பழம் கொடுக்கக்கூட ஆளில்லை.

கணக்கில் புலியான என் மைத்துனர் உடனே மடக்கினார். "ரயில் தினம் வரும்யா. உன் தெரு வருஷத்துக்கு ஒரு தடவை." நியாயம்தான். நான் கேட்டது, சென்னையில் எத்தனை தெரு இருக்கிறது என்று. அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்த வாரமே வாஷிங் மெஷினை நகர்த்திப் பலகையைத் திறந்தோம். உள்ளே தண்ணீர் இல்லை, ஈரச் சேறுதான். தூர் எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தூர்வார வந்தவர் முதல் வேலையாக ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கினார். பாதியில் அணைந்தது. "இன்னைக்கு இறங்க மாட்டேன் சார், காத்து கெட்டுக் கெடக்கு" என்று பலகையைத் திறந்தே வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சுடர் அடிவரை நின்ற பிறகுதான், இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேரை நிற்க வைத்து இறங்கினார். மூடிக் கிடந்த கிணற்றைத் திறக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். விஷவாயுவில் உயிர் போன செய்திகளைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். காசு மிச்சம் என்று யாரையும் அவசரப்படுத்தி இறக்காதீர்கள்.

ஒன்பது பக்கெட் சேறு, ஏழு ரப்பர் பந்து, ஒரு சோப்புப் பெட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளரில் எதிர்வீட்டின் இனிஷியல் வெட்டியிருந்தது. அந்த டம்ளர் காணாமல் போன விஷயத்தில் எண்பதுகளில் இரண்டு வீட்டுக்கும் கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறது. "கொண்டுபோய்க் குடுத்துடாதே. இத்தனை வருஷம் நாமதான் ஒளிச்சு வச்சிருந்தோம்னு நினைப்பாங்க" என்றாள் அம்மா. இன்னும் கொடுக்கவில்லை. அவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மற்ற வேலை ஒன்றரை நாள்தான். மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை நாலு அங்குல பிவிசியில் ஒன்றாகச் சேர்த்தோம். இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்று. அடியில் கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் பருமணல், மேலே நைலான் வலை. டிரம்மின் அடியிலிருந்து கிணற்றுக்கு ஒரு குழாய். டிரம்முக்கு முன்னால் ஒரு வால்வு. வருஷத்தின் முதல் ஒன்றிரண்டு மழையை அந்த வால்வு வழியாக வெளியே விட்டுவிட வேண்டும், மாடியின் தூசியும் காக்கை எச்சமும் அதோடு போய்விடும். கிணற்றின் வாயில் கொசுவலை. மொத்தச் செலவு, அந்த மே மாதம் லாரிக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. சிலர் மாடித் தண்ணீரை வடிகட்டாமல் நேரே போருக்குள் விடுகிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வண்டல் போய் உட்கார்ந்தால் போரும் போச்சு, அழுக்கு இறங்கினால் நிலத்தடித் தண்ணீரும் போச்சு. கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சேமிப்புக் கிணறு தோண்டுவதும் வேண்டாம்.

அந்த வருஷ ஐப்பசியில் கிணற்றில் தண்ணீர் ஏறியது. முதலில் நாலு உறை, பிறகு ஏழு. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பாதாளக் கரண்டியை எடுத்துவரச் சொன்னாள். அதன் கயிற்றில் உறைக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். அன்றிலிருந்து மாதம் ஒன்றாம் தேதி கரண்டியை இறக்கி, கயிறு எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்த்து, தினசரிக் காலண்டரில் எழுதுகிறோம். அடுத்த கோடையில் உப்பளவு மீட்டரை விட்டுப் பார்த்தபோது நாலிலக்கத்தில் இருந்தது மூன்றிலக்கத்துக்கு வந்திருந்தது. குடிக்க இன்னும் ஆர்.ஓ. இயந்திரம்தான். அது ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துக் கொட்டுகிற சாமான். அந்தக் கழிவைப் பிடித்துத் தரை துடைக்கிறோம். தண்ணீர் இன்னும் கொஞ்சம் தேறினால் இயந்திரத்தையே நிறுத்திவிடும் யோசனையும் இருக்கிறது.

தெருவில் எல்லாரும் ஓடிவந்து செய்துவிடவில்லை. எதிர்சாரியில் ஒருவர் கேட்டது முக்கியமான கேள்வி: "நீங்க இறக்குற தண்ணியை அந்த மூலை அபார்ட்மென்ட்காரன் அறுநூறு அடி போர்ல இழுத்துடுவான். எதுக்கு வேலை மெனக்கெட்டு?" இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. நிலத்தடியில் மதில் சுவர் கிடையாது. நான் இறக்குவதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும், அவர்கள் மாடியிலிருந்து இறக்கினால் ஒரு பங்கு எனக்கு வரும். அதனால் நான் போய் நின்றது அந்த அபார்ட்மென்டின் செயலாளர் வாசலில். மூன்று கூட்டம், இரண்டு சண்டை. நாலாவது கூட்டத்தில் அவர்கள் மாடித் தண்ணீருக்கு இரண்டு சேமிப்புக் கிணறு வெட்டச் சம்மதித்தார்கள். அவர்களின் மாடி எங்களுடையதைப் போல ஆறு மடங்கு. அபார்ட்மென்டைச் சேர்க்காமல், இன்றைக்குத் தெருவில் செய்திருப்பது பதினோரு வீடு. வீடுகளை மட்டும் எண்ணினால் ரயிலில் பாதிகூட ஆகவில்லை.

யார் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு உறிஞ்சலாம் என்பதை நானும் அபார்ட்மென்ட் செயலாளரும் பேசித் தீர்க்க முடியாது. சென்னைக்கென்று நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-லிருந்தே இருக்கிறது. அதை அமல்படுத்த வேண்டியது அரசு. "ஒவ்வொருவரும் ஒரு சொட்டுச் சேமித்தால்" என்று பள்ளிச் சுவரில் எழுதிவிட்டு ஏரிக்குப் பட்டா கொடுத்தால், சொட்டுச் சேமிக்கிறவன் முட்டாள் ஆகிறான். எனக்கு இதில் கோபம் உண்டு.

எங்கள் ரயில் நிலையத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழவந்தாங்கல். தாங்கல் என்றால் சின்ன ஏரி. தினமும் பல்லாயிரம் பேர் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று ரயில் பிடிக்கிறோம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் தெரிவது பாத்திரக் கடையும் மெஸ்ஸும்தான். அங்கே இருந்த நீண்ட ஏரியை மூடித்தான் 1920-களில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். இந்தப் பக்கம் கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் நாராயணபுரம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கடலோரத்துக்கு என்று ஒரு தொடர் இருக்கிறது. ஒரு ஏரி கலங்கல் வழிந்து அடுத்ததைத் தொடும்படி வெட்டியவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்களோ. அந்தச் சதுப்பு ஒருகாலத்தில் இன்றைக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. நடுவே சாலை போட்டோம், ஓரத்தில் பெருங்குடிக் குப்பையைக் கொட்டினோம், கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பினோம். 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. மிஞ்சியதற்காவது ஒரு காவல்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கட்டினார்கள். வீராணத்திலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் தண்ணீர் வருகிறது. கிருஷ்ணா நதி நீர் வேறு. எல்லாம் வேண்டியதுதான், இல்லையென்றால் இந்த ஊர் ஒரு வாரம் தாங்காது. ஆனால் கடல் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், வீராணத்து நீரை நம்பி அங்கேயே வயல்கள் இருக்கின்றன. மாடியில் விழுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு இன்னொருத்தர் வயலிலிருந்து வாங்குகிறோம்.

பையனை அன்றைக்குக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் கரண்டியை இறக்க வைத்தேன். ஒரு முடிச்சைத் தவறாக எண்ணி, மறுபடி இறக்கினான். "நம்ம மாடித் தண்ணியா அங்கிள் இது?" என்றான். அவர்கள் குடியிருக்கும் போர்ஷனின் சன்ஷேடில் விழுவது இன்னும் தெருவுக்குத்தான் போகிறது, அதற்கும் ஒரு குழாய் போட வேண்டும். பிளம்பரிடம் சொல்லியிருக்கிறேன்.

இது புரட்டாசி. இன்னும் மூன்று நாலு வாரத்தில் மழை தொடங்கிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போய் இலை, கிளிப், உடைந்த பூந்தொட்டி எல்லாவற்றையும் அள்ளுங்கள். உங்கள் வீட்டு மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக் கீழே எங்கே வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டிரம் இருந்தால் மணலை எடுத்து அலசிக் காயவைத்துப் போடுங்கள். மூடிய கிணறு இருந்தால் தூர்க்காதீர்கள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் இந்த மாதம் ஒன்றாம் தேதிக் கணக்கு: ஆறு உறை.